கொதிநீரில் உயிர் வாழுமா?



இம்முறை ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு தொடங்க வேண்டியுள்ளது. தவறு என்னுடையது. 2019ஆம் ஆண்டில், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்காக நான் தயாரித்த அறிவியல் பயிற்சித் தாளில், ‘சரி’ அல்லது ‘பிழை’ என எழுதும் பகுதியில் ஒரு வாக்கியம் இருந்தது: ‘கொதிநீரில் எல்லா நுண்ணுயிரிகளும் இறந்துவிடும்.’ ‘சரி’ என்பதே நான் எதிர்பார்த்த விடை. வகுப்பில் ஒருவனைத் தவிர அனைவரும் அவ்வாறே எழுதியிருந்தனர். அந்த ஒருவன் ‘பிழை’ என்று எழுதியதோடு நில்லாமல், யாரும் கேட்காமலேயே ஓரத்தில் பொடி எழுத்தில் காரணமும் எழுதியிருந்தான்: ‘சுங்கை கிளாவில் முட்டை வேகும் தண்ணீர் ஓடிவரும் இடத்தில் கல்லின்மேல் பச்சையாக, வழுவழுப்பாக இருந்தது.’

சிவப்பு மையில் பிழைக்குறி இட்டேன். தாளைத் திருப்பிக் கொடுத்தபோது என் மேசைக்கருகே வந்து நின்றான். “டீச்சர், அது உயிருள்ளதுதானே?” என்று கேட்டான். “அது வெறும் பாசி. தண்ணீர் ஆறிய இடத்தில் வளர்ந்திருக்கும். போய் உட்கார்,” என்றேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வுக்குச் சில வாரங்களே எஞ்சியிருந்த நேரம் அது. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும், மீள்பார்வை செய்ய வேண்டும் என்ற பதற்றம். அதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் சாக்குச் சொல்ல எனக்கு மனமில்லை. அவன் எழுதிய விடை சரியானது. நான் எழுதிய வாக்கியமே பிழையானது.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆறாம் ஆண்டில் நுண்ணுயிரிகளைப் பற்றிய தொகுதியும் உணவைப் பதப்படுத்தும் முறைகளைப் பற்றிய தொகுதியும் உள்ளன. வைரஸ், பாக்டீரியா, பூஞ்சணம், புரோட்டோசோவா, பாசி என்று வகை பிரிப்போம். நன்மை, தீமை என்று இரண்டு நெடுவரிசை போடுவோம். பிறகு கொதிக்க வைத்தல், உப்பிடுதல், உலர்த்துதல், புகையூட்டுதல், குளிரூட்டுதல் என ஒவ்வொரு முறையிலும் நுண்ணுயிரிகள் ‘இறக்கும்’ அல்லது ‘வளர முடியாது’ என்று முடிப்போம். உணவு கெடாமல் இருப்பதற்கான விளக்கம் என்ற அளவில் இதில் குறையில்லை. ஆனால் கேள்வித்தாள் தயாரிக்கும்போது நாமாகவே ‘எல்லா’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிடுகிறோம். பாடநூல் அப்படிச் சொல்வதில்லை. நம் பேனாதான் சொல்கிறது.

மறு ஆண்டு, 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளி மூடப்பட்டது. தொலைக்காட்சியில் ஒவ்வொரு நாளும் தொற்று எண்ணிக்கை. வீட்டுப் பெரியவர்களின் வாயிலும் ‘பி.சி.ஆர்.’ என்ற சொல். மூக்கில் குச்சியை விட்டு எடுத்த சளியிலிருந்து நோய்க்கிருமியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று அறிந்துகொள்ள அமர்ந்து படித்தேன். படித்துக்கொண்டே போனபோது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள ஒரு வெந்நீர் ஊற்றில் போய் நின்றேன். பச்சையாக வழுவழுத்த கல்லின் நினைவு அப்போதுதான் வந்தது.

அந்தக் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடக்கூடிய கதைதான்.

தாமஸ் பிராக் என்பவர் அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞர். 1964இல் யெல்லோஸ்டோனுக்குச் சென்றவர், வெந்நீர் ஊற்றுகளிலிருந்து வழிந்தோடும் வாய்க்கால்களில் பல நிறங்களில் படர்ந்திருந்த நுண்ணுயிர்ப் படலங்களைக் கண்டு வியந்தார். நிறம் ஏன் மாறுகிறது? நீர் ஓட ஓட ஆறுகிறது. ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒவ்வோர் உயிர்க்கூட்டம். ஊற்றின் வாயருகே, கை வைத்தால் தோல் வெந்துபோகும் நீரிலும் இளஞ்சிவப்பு இழைகள் ஆடிக்கொண்டிருந்தன. அக்காலத்தில் வெப்பநாட்ட நுண்ணுயிரிகளைத் தேடியவர்கள் 55 அல்லது 60 பாகை செல்சியசில் வைத்து வளர்த்துப் பார்ப்பதே வழக்கம். அதற்கும் மேலே யாரும் அதிகம் தேடவில்லை. தேடாததால் கிடைக்கவில்லை, கிடைக்காததால் இல்லை என்று எண்ணினர். பிராக் செய்ததோ மிக எளிய சோதனை. நுண்நோக்கிக்குப் பயன்படுத்தும் கண்ணாடித் தகட்டைக் கயிற்றில் கட்டிக் கொதிக்கும் ஊற்றில் இறக்கிவைத்தார். சில நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் தகட்டில் பாக்டீரியாக்கள் ஒட்டி வளர்ந்திருந்தன.

1966இல் ஹட்சன் ஃபிரீஸ் என்ற இளங்கலை மாணவர் அவருடன் சேர்ந்தார். ‘காளான் ஊற்று’ எனப் பொருள்படும் பெயர்கொண்ட ஓர் ஊற்றிலிருந்து எடுத்த மாதிரியிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்தனர். 70 பாகையில் அது செழித்து வளர்ந்தது. 79 பாகை வரை தாக்குப்பிடித்தது. 1969இல் ‘தெர்மஸ் அக்வாட்டிக்கஸ்’ என்று பெயரிட்டு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. அதே இனத்தை அவர்கள் தங்கள் பல்கலைக்கழகத்தின் வெந்நீர்க் குழாயிலும் கண்டனர்! அதைத் தேடி யெல்லோஸ்டோன் வரை போயிருக்க வேண்டியதே இல்லை. ஆனால் அங்கே போகாவிட்டால் குழாயில் தேடும் எண்ணம் வந்திருக்குமா?

பிராக் இதனால் பணம் வரும் என்று நினைத்துத் தேடவில்லை. உயிர் எந்த எல்லை வரை வாழ்கிறது என்பதே அவருடைய கேள்வி. தாம் பிரித்த உயிரியை, விரும்பும் ஆய்வாளர் எவரும் பெற்றுக்கொள்ளலாம் என்று நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திடம் ஒப்படைத்துவிட்டு வேறு பணிக்குச் சென்றார். 1976இல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஆலிஸ் சியன் என்ற ஆய்வாளரும் உடன் பணியாற்றியோரும் அந்தப் பாக்டீரியாவிலிருந்து ஒரு நொதியைப் பிரித்தெடுத்தனர். டி.என்.ஏ. இழையைப் படியெடுக்கும் நொதி அது. ‘டாக் பாலிமெரேஸ்’ என்று பின்னாளில் புகழ்பெற்றது.

1983இல் கேரி முல்லிஸ் பி.சி.ஆர். முறையைச் சிந்தித்தார். ஒரு டி.என்.ஏ. துண்டைச் சுமார் 95 பாகைக்குச் சூடாக்கினால் அதன் இரண்டு இழைகளும் பிரியும். ஆறவிட்டு ஒவ்வோர் இழைக்கும் இணையிழையை எழுதச் செய்தால் ஒன்று இரண்டாகும். மீண்டும் சூடாக்கினால் இரண்டு நான்காகும். இப்படி 30 முறை செய்தால் ஒரு துண்டு நூறு கோடிக்கும் மேலாகப் பெருகும். (ஐயமிருந்தால் பிள்ளைகளையே கணிப்பானில் இரண்டால் பெருக்கிக்கொண்டே போகச் சொல்லுங்கள். நான் செய்து பார்த்தேன், வகுப்பே கூச்சலிட்டது.) ஆனால் தொடக்கத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அப்போது பயன்படுத்திய நொதி நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் அது கெட்டுவிடும். சுற்றுக்கு ஒருமுறை ஆய்வாளர் புதிய நொதியை ஊற்ற வேண்டும். கொதிநீருக்கு அஞ்சாத உயிரியின் நொதியைச் சேர்த்தபோது அந்தத் தொல்லை நீங்கியது. கலவையை ஒருமுறை இட்டு மூடிவிட்டால் இயந்திரம் தானே சுற்றுகளை ஓட்டிவிடும். 1988இல் இம்முறை வெளியானது. 1993இல் முல்லிசுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. குற்றவியல் தடய ஆய்வு, பரம்பரை நோய்ப் பரிசோதனை, பெருந்தொற்றுக் காலத்தில் நாம் வரிசையில் நின்று செய்துகொண்ட சோதனை ஆகிய யாவும் வெப்பத்தைத் தாங்கும் இத்தகைய நொதிகளை நம்பியே நடக்கின்றன.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை. பி.சி.ஆர். காப்புரிமை 1991இல் 30 கோடி அமெரிக்க டாலருக்கு ஒரு மருந்து நிறுவனத்திடம் விற்கப்பட்டது. ஊற்றைக் காத்து வைத்திருந்த பூங்காவுக்கு அதில் ஒரு காசும் போகவில்லை. இதுபோன்ற நிகழ்வுகளுக்குப் பிறகுதான், இயற்கை வளத்திலிருந்து கிடைக்கும் பயனில் அந்த மண்ணுக்கும் பங்கு வேண்டும் என்ற எண்ணம் உலகில் வலுப்பெற்றது. நம் நாடாளுமன்றமும் 2017இல் உயிரியல் வளங்களை அணுகுவது, பயனைப் பகிர்வது குறித்து ஒரு சட்டம் இயற்றியது. ஊற்றுகள் முட்டை அவிக்கும் இடங்கள் மட்டுமே என்று இனியும் நாம் கருதினால், அது நம் அறியாமை.

ஏனெனில் சுங்கை கிளா அப்படிப்பட்ட இடம்தான். பேராக் மாநிலத்தில் சுங்காய் நகருக்கு அருகிலுள்ள அந்த ஊற்றுக்கு நம்மில் பலர் பள்ளி விடுமுறையில் போயிருப்போம். முட்டைக்கூடையைக் கொதிநீரில் இறக்கிவிட்டுப் படம் எடுத்திருப்போம். நாட்டிலேயே இரண்டாவது வெப்பமான ஊற்று என்று அதனைக் குறிப்பிடுகின்றனர் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். அவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ 150 மீட்டர் நீளம் ஓடும் அந்நீரோடையின் வெப்பநிலை 50 முதல் 110 பாகை வரை வேறுபடுகிறது. சுற்றிலும் மரங்கள் இருப்பதால் இலை தழைகள் ஓயாமல் அதில் விழுகின்றன. அந்நீரில் வாழும் உயிரிகளின் மரபுப்பொருளை நேரடியாகப் படித்து, பலவகை வெப்பநாட்டப் பாக்டீரியாக்கள் அங்கு வாழ்வதை அவர்கள் காட்டினர். இலை தழையை வெந்நீரிலேயே சிதைத்து உண்ணும் உயிரி இருக்குமிடத்தில் அதற்கான நொதியும் இருக்கும். காகிதம் முதல் எரிபொருள் வரை, சூட்டில் நடக்கும் தொழில்கள் பலவற்றுக்கு அத்தகைய நொதிகள் தேவைப்படுகின்றன.

என் மாணவன் பார்த்தது என்ன? உறுதியாகச் சொல்ல எனக்கு வழியில்லை. நீலப்பச்சைப் பாக்டீரியாவாக இருந்திருக்கலாம். அவ்வகையில் சில, சுமார் 73 பாகை வரை ஒளிச்சேர்க்கை செய்து வாழும். ‘ஆறிய தண்ணீர்’ என்று நான் சொன்னது முழுப் பிழையும் அன்று. கொதிநிலையைவிட ஆறியதுதான். ஆனால் 60, 70 பாகையில் ஒரு குழந்தை கையை வைத்தால் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டியிருக்கும். அதை ‘ஆறியது’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டேன். அவன் சொன்ன காரணம் நிறைவான சான்று இல்லைதான். ஆயினும் அது ஒரு நோக்கல். கண்ணால் கண்டதை விதியோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒத்துவரவில்லை என்று எழுதியிருக்கிறான். அறிவியல் செயற்பாங்குத் திறனில் முதலாவது உற்றறிதல் என்று பயிற்சிக் கல்லூரியில் நான் மனப்பாடம் செய்து தேர்வு எழுதியிருக்கிறேன். அது என் மேசைக்கு நடந்து வந்தபோது அடையாளம் தெரியவில்லை.

இதனை ஆசிரியர் அறையில் பேசியபோது உடன் பணியாற்றும் மூத்த ஆசிரியர் ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தார். “கொதிநீரிலும் கிருமி வாழும் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னால், பிறகு தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்றால் கேட்குமா? வீட்டில் அம்மாவிடம் போய் வாதாடும்,” என்றார். நியாயமான கவலை. இதைத் தட்டிக்கழிக்கக்கூடாது.

ஆனால் விடையும் அதே அறிவியலில் இருக்கிறது. நம்மை நோயில் தள்ளும் கிருமிகள் நம் உடலில் வாழப் பழகியவை. அவற்றுக்கு உகந்தது 37 பாகை. வாந்திபேதிக் கிருமியோ டைபாய்டுக் கிருமியோ கொதிநீரில் மடியும். தெர்மஸ் அக்வாட்டிக்கசோ 40 பாகைக்குக் கீழ் வளரவே வளராது. நம் உடம்பு அதற்குக் குளிர்ப்பெட்டி! வெந்நீரில் வாழ்வது நம்மிடம் வாழாது. நம்மிடம் வாழ்வது பெரும்பாலும் வெந்நீரில் வாழாது. ‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. சில பாக்டீரியாக்கள் கடினமான உறைக்குள் வித்துகளாக உறங்கும். நச்சுணவு நோய் தரும் பொட்டுலினம் அவற்றுள் ஒன்று. அந்த வித்துகள் கொதிநீரிலும் தப்பிவிடும். டின்னில் அடைக்கும் இறைச்சியையும் மீனையும் அழுத்தத்தில் 121 பாகைக்குச் சூடாக்குவது அதனால்தான். இதைச் சொன்னால் பிள்ளை தண்ணீர் காய்ச்சுவதை விடாது. உப்பிய டின்னை வாங்காதே என்று அம்மாவிடம் சொல்லும். அந்த வாதாட்டம் வீட்டில் நடக்கட்டுமே.

உப்பின் கதையும் இதே போன்றதுதான். கருவாட்டில் சில சமயம் இளஞ்சிவப்பாய்ப் பூத்திருப்பதைப் பாட்டிமார் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார்கள். உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிரிகளின் வேலை அது. மிகுந்த உப்பில்லாவிட்டால் அவற்றுள் சில உடைந்து மடிந்துவிடும். உப்பளப் பாத்திகள் செந்நிறமாவதும் இவ்வகை உயிரிகளால்தான். இவற்றுட் பல உண்மையில் பாக்டீரியாக்களே அல்ல. 1977இல் கார்ல் வூஸ் பிரித்துக் காட்டிய ‘ஆர்க்கியா’ என்னும் தனிப் பெருங்குழுவைச் சேர்ந்தவை. நம் ஐந்து வகைப் பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை என்பதை ஒரு வரியிலாவது சொல்லிவைக்கலாம். உப்பு நீரில் வாடாமல் இருக்கச் சில பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் ‘எக்டோயின்’ என்ற பொருளைச் சேர்த்துவைக்கின்றன. அதையே தோல் பூச்சுகளிலும் மூக்குத் தெளிப்பு மருந்துகளிலும் இன்று பயன்படுத்துகின்றனர்.

சலவைத்தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானிய அறிஞர் கோகி ஹொரிகோஷி 1968இல் ஒரு சோதனை செய்தார். சலவைச் சோடா கலந்து காரத்தன்மை மிகுத்த ஊட்டக் கரைசலை 30 சோதனைக் குழாய்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் சிறிதளவு மண்ணை இட்டு ஓரிரவு வைத்தார். மறுநாள் முப்பதிலும் நுண்ணுயிரிகள் வளர்ந்திருந்தன. வெந்நீர் ஊற்றும் எரிமலையும் தேவைப்படவில்லை. சாதாரண மண் போதுமானதாக இருந்தது. காரத்தை விரும்பும் இவ்வுயிரிகளின் நொதிகள் சவர்க்கார நீரிலும் செயலிழப்பதில்லை. 1987இல் ஜப்பானில் அத்தகைய நொதி சேர்த்த சலவைத்தூள் விற்பனைக்கு வந்தது. இன்று பள்ளிச் சீருடையின் காலர் அழுக்கு நீங்குவதில் இத்தகைய உயிரிகளின் பங்கும் உண்டு. நம் பள்ளித் தோட்டத்து மண்ணிலும் இவற்றின் உறவினர் இருக்கக்கூடும் என்று சொன்னபோது பின்வரிசைப் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்தனர்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். அறிவியலை ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் 2003இல் தொடங்கிய காலத்தில் ஆசிரியப் பணிக்கு வந்தவர்களில் நானும் ஒருவர். அந்த ஆண்டுகளில் பிள்ளைகள் கலைச்சொற்களை நன்றாகவே மனப்பாடம் செய்தனர். ஓரத்தில் பொடி எழுத்தில் காரணம் எழுதிய பிள்ளை எவரையும் எனக்கு நினைவில்லை. ‘பச்சையாக, வழுவழுப்பாக’ என்று அவன் எழுதினானே, அந்தச் சொற்கள் வீட்டிலிருந்து வந்தவை. இருமொழிப் பாடத்திட்டம் வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் இதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து. கடுஞ்சூழல் நுண்ணுயிரி, வெப்பநாட்டி, உப்புநாட்டி, காரநாட்டி என்று கரும்பலகையில் எழுதினால், விளக்கம் சொல்வதற்கு முன்பே பாதிப் பொருளைப் பிள்ளைகள் சொல்லிவிடுகின்றனர்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஆயினும் “இது சோதனையில் வருமா?” என்ற கேள்வி மட்டும் நம் வீடுகளைவிட்டுப் போகவில்லை. பிராக்கிடம் அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவரால் விடை சொல்லியிருக்க முடியாது. அவர் ஊற்றில் தகடு இறக்கியதற்கும் பி.சி.ஆர். வந்ததற்கும் இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள். பிள்ளை தேவையில்லாத ஒன்றைக் கேட்பதுபோல் தோன்றும்போது உடனே வாயடைக்காதீர்கள். நான் அடைத்திருக்கிறேன், அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவன் இடைநிலைப்பள்ளியையும் முடித்துவிட்டான். சென்ற ஆண்டு திருவிழாக் கூட்டத்தில் அவன் தாயாரைப் பார்த்தபோது செய்தியைச் சொன்னேன். “அந்த ஒரு மார்க்கையா டீச்சர் இன்னும் நினைச்சிக்கிட்டு இருக்கீங்க?” என்று சிரித்தார். மகனிடம் தவறாமல் சொல்லச் சொன்னேன்.

இவ்வாண்டுத் தாளில் வாக்கியத்தை மாற்றிவிட்டேன்: ‘நோயை உண்டாக்கும் பெரும்பாலான நுண்ணுயிரிகள் கொதிநீரில் இறந்துவிடும்.’ கீழே இரண்டு வரி இடமும் விட்டிருக்கிறேன். ‘நீ அறிந்த விதிவிலக்கு ஒன்று உண்டா?’ என்ற கேள்வியுடன். சிலர் வெறுமையாக விட்டனர். சிலர் தெர்மஸ் அக்வாட்டிக்கசின் பெயரை எழுத்துப் பிழையுடன் எழுதினர்; பெயருக்கு மதிப்பெண் கொடுத்தேன், எழுத்துப் பிழைக்குக் குறைக்கவில்லை. ஒரு மாணவி மட்டும் தன் பாட்டி தூக்கி எறிந்த சிவந்த கருவாட்டைப் பற்றி எழுதியிருந்தாள். கேள்வி கொதிநீரைப் பற்றியது என்பதால் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். பிறகு முழு மதிப்பெண் கொடுத்தேன்.

அடுத்த பள்ளி விடுமுறையில் ஆறாம் ஆண்டு மாணவர்களைச் சுங்கை கிளாவுக்கு அழைத்துச் செல்ல எண்ணியுள்ளேன். பள்ளி நிருவாகம் இசைவளித்தால் பெற்றோர் சிலரின் துணை தேவைப்படும். பிள்ளைகள் நீரோடையின் வேலியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். முட்டைகளை நீங்கள் கொண்டுவாருங்கள். நீண்ட கம்பியில் கட்டிய வெப்பமானியை நான் கொண்டுவருகிறேன்.